கிணற்றடியில் பெயர் சொன்னவன்

செங்கல்
12-10-57

மகன் சுயம்புவுக்கு அம்மா எழுதுவது. மழையும் உன் அப்பாவின் கோபமும் ஓயவில்லை, மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் சுகம். உன் வயிற்றுவலி தேறியதா, அதை முதலில் எழுது.

மலாயாவில் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அப்பா படித்துவிட்டு, பெற்றவர்களை விட்டுப் போகிறவன் கேட்பானேன் என்று கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் வோட்டர் லிஸ்ட் எழுத கிருஷ்ணன்குட்டி என்று ஒரு வாத்தியார் வந்தார், கொல்லத்துக்காரர், நம்மைத் தெரியாதவர். அவர் வந்தது நாங்கள் காரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகல், வீட்டில் யாரும் இல்லை. மறுநாள் கையெழுத்துக்கு வந்தவரின் தாளில் அப்பா பெயர், என் பெயர், கீழே உன் அண்ணன் பெயர், சிவானந்தம், வயது 27 என்று இருந்தது. நம் ஊரும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போய், நனைந்து, காய்ச்சலில் உன் அண்ணன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அப்போது இருபத்து நாலு. செத்தவனுக்கு யார் வயதைக் கூட்டினார்கள்?

யார் சொன்னது என்று அப்பா கேட்டார். கிணற்றடியில் உட்கார்ந்திருந்த மகன்தான், இடது புருவத்தில் தழும்பு உண்டு, நல்ல மலையாளம் பேசினார் என்றார் வாத்தியார். தழும்பு உன் அண்ணனுடையதுதான், ஆனால் கடைசி ஒரு வருஷம் மலையாளப் பேச்சே வேண்டாமென்று இருந்தவன் அல்லவா அவன். பக்கத்து வீட்டு ரத்னபாய், அப்பம் அது அவன் இல்ல, வேற எவனோ ஆக்கும் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் கூடப் படித்த பொன்னப்பனோடு மலையாளத்தில்தானே சிரித்துக்கிடந்தான். அதுவும் அவன்தான், கொடி பிடித்துப் போனதும் அவன்தான்.

செத்தவர் என்றால் பெயரை வெட்டிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் வாத்தியார். அப்பா பேனாவை என்னிடம் தள்ளிவிட்டார். நான் வெட்டவில்லை. நம் ஊர் மலையாள ராஜ்யத்திலேயே நின்றுவிட்டது, அவன் வேண்டாமென்ற அதே ராஜ்யத்தில் இப்போது ஓட்டுள்ளவனாக இருக்கிறான். இப்போது பகலிலும் கிணற்றடிக்குத் தனியே போகப் பயமாக இருக்கிறது, பெற்ற பிள்ளைக்குப் பயப்படுகிறேனே என்று அழுகையும் வருகிறது.

வாத்தியார் படியிறங்கும்போது, வேறு பிள்ளைகள் உண்டா என்று அந்த மகனிடமே கேட்டேன், ஒரு தம்பி உண்டு, அவன் இனி மலாயாக்காரனாக்கும், எழுத வேண்டாம் என்றார் என்று சொன்னார். அப்பா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உன் கடிதம் மடித்தபடியே இருந்தது.

நீ எழுதிக் கொடு மக்கா. அண்ணன் சம்மதித்துவிட்டான். பகவான் உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, பதில் போட மறக்காதே.

உன் அம்மா,
கோமளவல்லி