வாசலில் கழற்றிய சப்பாத்து

மிச்சம், லண்டன், 26.12.1989

அன்புள்ளவளுக்கு,

விசா விஷயமாக எழுத ஒன்றுமில்லை. கேட்காதே.

நேற்று நத்தார்ப் பண்டிகை. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் பஸ் இல்லை. இங்கே நத்தாரன்று எதுவும் ஓடாது. அலுத்துப்போய் நடந்தபோது ஒரு வான் பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் உன் ஊர் மரியநாயகம் அண்ணை.

"ஏறும் தம்பி. பூசை முடிய வீட்டை கொண்டுபோய் விடுறன்."

"நான் சைவம்."

"வானுக்கு அது தெரியாது."

தேவாலய வாசலில் கோயில் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். அங்கே நின்ற, றெஜினா அக்கா என்ற ஒருவர் சிரித்தார். "இஞ்சை ஒருத்தரும் கழட்டிறேல்லை. ஊரிலை நாங்களும் கழட்டித்தான் போறனாங்கள்." சொல்லிக்கொண்டே தன்னுடையதையும் கழற்றினார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். உள்ளே ஹீட்டர் பழுது. எல்லோரும் நடுங்கிக்கொண்டே பாடினார்கள். நான் சும்மா வாயசைத்தேன்.

பிறகு மண்டபத்தில் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் தந்தார்கள். ஒருவரும் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரில் நமக்குப் பிள்ளை பிறந்திருப்பதைச் சொன்னேன். என்ன பெயர் என்றார்கள். இன்னும் வைக்கவில்லை என்றதும் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். இந்த நாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான். நன்றி சொல்ல வரவில்லை. ஹீட்டரைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடு. பெயரையும் நீயே வை. என் கடிதத்துக்குக் காத்திருந்தால் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும். என் அம்மா கத்துவார். நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போ.

பிள்ளையின் அப்பா