புளி கரைச்ச விரல்

அன்புள்ள மகள் வேணிக்கு, ஆண்டிமடத்திலிருந்து அப்பா சொல்லச் சொல்ல பக்கத்து வூட்டுக் கண்ணகி எழுதுறது. இங்க நான் ஏதோ நடமாடிக்கிட்டு இருக்கேன், குவைத்துல நீ நேரத்துக்குச் சாப்புடுறியா. போன்ல பேசினா சரிப்பான்னு வச்சிடுற, அதான் கடுதாசி.

அம்மாவைக் கெடத்தியிருந்தப்ப நீ அழாம நின்னதப் பாத்து, ஏன்டி பாலைவனத்துக்குப் போயி கண்ணும் வத்திப் போச்சான்னு உன் அத்தை இருசம்மாள் கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. நீ திரும்பிப் போனப்புறம் ஒரே ஒருநாள் மட்டும் போன்ல, உள்ள ஒண்ணுமே இல்லப்பா, டீ சுடுறதுகூடத் தெரியல, நான் மனுசியே இல்ல, திதிக்கும் வரல இனி ஊருக்கே வரலன்னு சொன்ன. அதுதான் என்னைத் தின்னுது.

உங்கம்மா கலியம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போன காலத்துல அந்தத் தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கருத்து மரத்துக் கெடக்கும். கொதிக்கிற உலையை வெறுங்கையால இறக்குவா. நீ வயித்துல இருந்தப்ப, பிள்ளை கன்னம் கைக்குத் தெரியணும்னு வேலைய விட்டா. தோல் உரிஞ்சு புதுசா வந்து, ஒருநாள் புளி கரைக்கையில ஐயோ எரியுதேன்னு கத்துனா. நான் பதறிப்போயி ஓடுனா அவ சிரிக்கிறா, என் விரல் வந்துடுச்சுங்கன்னு. மொதல்ல வந்தது எரிச்சல்தான் மகளே, சுகம் இல்ல.

அவ போனப்புறம் நானும் அப்படித்தான் மரத்துக் கெடந்தேன். கண்ணகி குடுத்த கஞ்சியில உப்பு போட மறந்துட்டாளாம், அது தெரியாம முச்சூடும் குடிச்சிருக்கேன். அப்புறம் மாசியில முந்திரிப்பூ வாசம் வூட்டுக்குள்ள வந்தப்ப உங்கம்மா மேல அப்படி ஒரு கோவம். யாரக் கேட்டுடி முன்னாடி போனன்னு போட்டோவப் பாத்துக் கத்துனேன். அழுகை இன்னும் வரல. கோவம் வந்துருக்கு, இருந்துட்டுப் போவட்டும்.

அதனால அழணும்னு உன்னையே பிராண்டிக்காத. வேலை முடிஞ்சா டீ டம்ளரை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காரு. சுடலன்னா சுடல. என் மேல எரிச்சல் வந்தாலும் திட்டு, வாங்கிக்கறேன். செத்துப் போயிடலாமான்னு நெனப்பு ஓடுச்சுன்னா மறைக்காம ஒடனே என்னக் கூப்புடு, அங்க டாக்டர்கிட்டயும் சொல்லு. திதிக்கு வா, அழாமலே படையல் பக்கத்துல இரு. அத்தை வாய நான் பாத்துக்கறேன்.

குலசாமி உன்ன விட்டுடாது, நானும் விடமாட்டேன். ஒண்ணு மட்டும் மறந்துடாத, டம்ளர் கையைச் சுட்டுச்சுன்னா அன்னிக்கி போன் பண்ணு. வேற எதுவும் பேச வேணாம். சுட்டுச்சுப்பான்னு சொல்லிட்டு வச்சிடு.

இப்படிக்கு,
உன் அப்பா இளையபெருமாள், கைநாட்டு