லேசான நைட்ரஜன்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனிமூட்டம். உத்திரமேரூரிலிருந்து வண்டியை உருட்டாத குறைதான். ஏகாம்பரம் வீட்டு மொட்டை மாடியில், ஊர்க் காற்றில் என்ன தூசி என்று பார்க்க நான் வைத்திருக்கும் காற்றை உறிஞ்சும் பம்பு. வடிகட்டித் தாள் மாற்றினேன். பழையது பழுப்பாகிக் கிடந்தது. கூடவே ஏறிய அவர் மனைவி சரோஜாம்மா பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இளைப்பு.

ஏகாம்பரம்: "எல்லாம் அந்தச் செங்கல் சூளைப் புகைதாம்மா. வேற இன்னா கீது இங்க? நீ எழுதிக் குடு, மனு போட்டு மூடிடலாம்."

"முடிவு வரட்டும் சார்."

வாங்க: டேப், கொசுவத்தி.

பிப். 11, புதன்

போன மாதத் தாள்களை அனுப்பியும் சென்னை ஆய்வகத்திலிருந்து ஒன்றுமில்லை. போனை எத்தனை தடவைதான் பார்ப்பது.

சூளையில் கல் அறுக்கும் ரோஸி டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், சூளைய மூடப் போறாங்களாமே? நாங்க எங்க போறது?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப். 13, வெள்ளி

முடிவு வந்தது. நைட்ரஜன் அணுவில் லேசானது, கனமானது என இரண்டு வகை; தாளில் ஒட்டிய தூசியில் லேசான நைட்ரஜனின் பங்கு வழக்கத்தைவிடக் கூடுதல். எரிந்து வரும் புகையென்றால் கனம் கூடியிருக்கும். இது வயலில் போடும் யூரியாவிலிருந்தும் சாணத்திலிருந்தும் எழும் அமோனியா. ஏகாம்பரத்தின் நவரைப் பட்ட நெல் வயலும் சேர்த்துத்தான்.

ஆனால் சூளைப் புகையில் வரும் கரித்தூளைப் பற்றி நைட்ரஜன் வாய் திறக்காது. அதற்குத் தனி அளவு. இதை அவரிடம் எப்படிச் சொல்ல?

ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன்.

பிப். 14, சனி

சொல்லிவிட்டேன்.

"யூரியாவா? நான் பயிர் வெக்கிறது குத்தமா? சூளைக்காரன் இன்னா குடுத்தான் உனுக்கு?"

"சூளை மேல தப்பே இல்லைன்னு சொல்லலை சார். கரியையும் அளக்கணும்."

"ஒண்ணும் வேணாம். மிசினை எடுத்துக்கினு கிளம்பு."

ஒயரைப் பிடுங்கி, பம்பைச் சுமந்து இறங்கினேன். வாசலில் சரோஜாம்மா குறுக்கே நின்றார். பேச்சு என்னிடமில்லை, கணவரிடம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"இளைக்கிறது எனுக்கு. இன்னாத்தாலன்னு... நான் தெரிஞ்சிக்க வேணாமா? மிசின் மேலயே இருக்கட்டும்."

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுபடி மாடி. ஒரு தாள் கிழிந்தது. இன்னொன்று உட்கார்ந்தது. கரிக்கான தாளும் பக்கத்தில்.

கீழிருந்து சரோஜாம்மா: "ஓடுதா?"

ஓடுகிறது.