ரிப்பேர் ஆகாத பெட்டி

நவம்பர் 14, திங்கள்

விடியலிலிருந்து மழை, கூடவே காற்று. சித்தூர் முழுக்க கரண்ட் இல்லை. புத்தலப்பட்டு ரோட்டில் கம்பம் சாய்ந்து கிடக்குதாம், பால்காரர் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடுது. ஆபரேஷன் தியேட்டருக்கும் குழந்தை ரூமுக்கும் மட்டும். மற்ற வார்டுக்கெல்லாம் லாந்தர்.

வெள்ளைச் சேலை ரெண்டும் காயலை. ஈரத்தோடயே கட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனேன்.

மத்தியானம் வாசலில் தம்பி சாமு. திருப்பதியிலிருந்து பாகாலா வரை ரயில், அதற்கு மேல் ரயில் போகலை, பஸ். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தான். கையில் ஒரு பிஸ்கட் டின். ஸ்வெட்டரைக் கழற்றி டின்னைச் சுற்றியிருந்தான். டின்னுக்கு ஸ்வெட்டர், இவனுக்கு வெறும் சட்டை.

திறந்து காட்டினான். ஈர மணல், அதில் பாதி புதைந்து ஆமை முட்டைகள். ஓட்டின் மேல் நட்சத்திரக் கோடு போட்ட காட்டு ஆமை. காலேஜில் அவனுடைய ரிசர்ச் எல்லாம் இதன் மேல்தான்.

"கரண்ட் போனா இருக்கட்டும்னு லாரி பேட்டரி ஒண்ணு வெச்சிருந்தேன் அக்கா. ஹெட்லைட் பல்பைப் போட்டேன். ஒரு நாள் தாங்குச்சு. சார்ஜ் பண்ற கடையிலயும் கரண்ட் இல்ல. லாந்தர் வெச்சுப் பார்த்தேன், பொட்டி பூரா புகை. அப்புறம் வெந்நீர் பாட்டில். எத்தனை தடவைதான் காய்ச்சறது?" பல் கிடுகிடுன்னு அடிச்சுக்குது. "உங்க ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் ஓடுதுன்னு..."

அவன் மேலே கேட்கலை. நான்தான் சொன்னேன், குழந்தை ரூமில் ரெண்டாவது பெட்டி காலி என்று.

மரப்பெட்டி, மேலே கண்ணாடி, அடியில் ரெண்டு பல்பு. குறைமாசக் குழந்தைகளை வைக்கிறது. முதல் பெட்டியில் ஒரு டீச்சரம்மாவின் குழந்தை. ரெண்டாவதில் சாமு டின்னை அப்படியே இறக்கி, ஒரு பல்பைக் கழற்றினான். குழந்தைக்கு வேண்டிய சூடு முட்டைக்கு ஆகாதாம், வெந்துபோகும். ஒவ்வொரு முட்டை தலையிலும் பென்சில் குறி. "குறி மேலயே இருக்கணும் அக்கா, புரட்டிடாதே. சூடு விடாம பாத்துக்கோ. மூணு வருஷம் இதுக்குள்ள இருக்குது."

வார்டு ஆயா ரத்னம்மா பார்த்துவிட்டாள். "தாபேலு குட்லா சிஸ்டர்?" கண் பெரிசாச்சு. ஆமாம், ஆமை முட்டைதான், யாரிடமும் சொல்லாதே என்றேன். வாயை மூடிக் காட்டினாள்.

சாமு கடைசி பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டான். கரண்ட் வந்ததும் வந்து எடுத்துக்கொள்வானாம். தலை துவட்டக்கூட இல்லை. நைனா இருந்திருந்தால் திட்டியிருப்பார், அவனை இல்லை, என்னை.

நவம்பர் 15, செவ்வாய்

மழை. டாக்டரம்மா ரவுண்ட்ஸ். பெட்டி மேல் நான் போர்த்திய துப்பட்டியைப் பார்த்து, இதற்கு என்ன என்றார்.

"ஹோல்டர் ரிப்பேர் டாக்டர்."

தானாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை. ரத்னம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அப்புறம் துடைத்தாள்.

டா.அம்மா வேறு ஒன்றும் கேட்கலை. என்னை நம்புகிறவர்.

வாங்க: மண்ணெண்ணெய். சோப்பு. தலைவலி மாத்திரை. குடைக்கு கம்பி.

நவம்பர் 16, புதன்

கரண்ட் இன்னும் வரலை. பெட்டியில் சூடு சரியாக நிற்குது. டூட்டிக்கு நடுவே நாலைந்து தடவை துப்பட்டியைத் தூக்கிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பிக்கு ஒரு வேலையாவது ஒழுங்காகச் செய்கிறோம் என்று.

டீச்சரம்மாவின் குழந்தை பால் நன்றாகக் குடிக்குது.

நவம்பர் 18, வெள்ளி

நேற்று எழுதலை. எழுத முடியலை. இப்போ எழுதிவிடணும்.

நேற்று மத்தியானம் பிரசவம். கன்னியம்மா என்று பெயர். பிச்சாட்டூர் பக்கத்துப் பொண்ணு, புத்தலப்பட்டில் கட்டிக்கொடுத்திருக்காங்க, ரெண்டு பேரும் கூலி வேலை. மாசம் நிறையலை. மாட்டு வண்டியில் மழையில் வந்திருக்காங்க. பெண் குழந்தை. என் ரெண்டு உள்ளங்கையில் அடங்கிடும். அழுகை பூனைக்குட்டி மாதிரி.

டா.அம்மா என் பக்கம் திரும்பி, "ரெண்டாவது பெட்டி இன்னும் ரிப்பேரா?"

"ஆமாம் டாக்டர்."

இதை எழுதுகிறபோது கை கூசுது. இல்லை டாக்டர் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லலை. அதுக்குள்ளே என்ன இருந்தது என்று கேட்பாரே, மூணு நாளாகச் சொன்ன பொய் வெளியே வருமே, அதுதான் மனசில் ஓடினது. அப்புறம் சாமுவின் மூணு வருஷம். குழந்தை நினைப்பு மூணாவதாகத்தான் வந்தது. ரத்னம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் சொல்லலை. எனக்காக.

வெந்நீர் பாட்டில் வையுங்க என்று சொல்லிவிட்டு டா.அம்மா தியேட்டருக்குப் போனார். வெந்நீர் பாட்டில் வைத்துப் பிழைத்த குழந்தைகள் எத்தனையோ இருக்குது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சலைன் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, ஃப்ளானல் துணி சுற்றி, குழந்தையின் ரெண்டு பக்கமும் கால்மாட்டிலும் வைத்தேன். தண்ணி எவ்வளவு சூடு என்று சரியாகப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். தெரியலை.

"துணி நழுவாம பாத்துக்கோ"ன்னு கன்னியம்மாவிடம் சொன்னேன். ரத்தம் போய் வெளுத்துக் கிடந்தவளிடம். பெற்று ஒரு வேளைகூட ஆகலை.

விளக்கு வைக்கிற நேரம் வந்து பார்த்தேன். குழந்தை சில்லிட்டிருந்தது. உதடு நீலம். அழுகை இல்லை.

அப்புறம் நான் எதையும் யோசிக்கலை. துப்பட்டியை இழுத்தேன். டின்னைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தேன். கழற்றின பல்பைத் திருகினேன். பெட்டி ஏற்கெனவே பாதி சூடாகத்தான் இருந்தது. அவ்வளவுதான் வேலை. ரத்னம்மா புதுத் துணி விரிக்கறதுக்குள் முடிந்துவிட்டது.

குழந்தையை ஃப்ளானலிலிருந்து எடுத்தபோதுதான் பார்த்தேன். இடது குதிகாலில் கொப்புளம். பாட்டில் மேலே சுற்றின துணி நழுவியிருந்தது.

டா.அம்மா வந்தார். குழந்தை பெட்டியில், நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. "நீயே ரிப்பேர் பண்ணிட்டியா கிரேஸ்? மஞ்சி பனி சேசாவு." நல்ல வேலை செய்தாய் என்று முதுகில் தட்டினார். குதிகாலைப் பார்த்து, இப்படி ஆகிடும் சில சமயம், உயிர் இருக்குதே என்றார்.

நான் தலையாட்டினேன். தட்டினதற்கும் சேர்த்து.

நவம்பர் 19, சனி

தூறல். குழந்தை தேறுது. சொட்டுச் சொட்டாகப் பால்.

குதிகாலுக்கு மருந்து போட்டேன். கன்னியம்மா எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சிஸ்டர் பாக்கல. கண்ண இழுத்துக்கினு போச்சு. துணி நழுவுனது தெரியல. நீங்க சொல்லிட்டுத்தான போனீங்க? வூட்டுக்காரருகிட்ட சொல்லாதீங்க, அடிக்க மாட்டாரு, ஆனா பேசாம இருப்பாரு."

சொல்லமாட்டேன் என்றேன். மருந்து டிரேயை எடுத்துக்கொண்டு வந்து குளியலறையில் நின்றேன்.

நவம்பர் 20, ஞாயிறு

மழை விட்டாச்சு. காலை ஆராதனைக்குப் போனேன். திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. நான் எழலை. பக்கத்தில் இருந்த அம்மா, "உடம்பு சரியில்லையா கிரேஸ்?" என்றார். ஆமாம் என்றேன். பொய் இப்போ சரளமாக வருது.

பன்னிரண்டு மணிக்கு மேல் கரண்ட் வந்தது. சாயங்காலம் சாமு. டின் என் ரூமில், கட்டிலுக்கு அடியில், என் கம்பளியில் சுற்றி. வியாழனிலிருந்து அது சூடே இல்லாமல் கிடந்தது என்று சொல்லவே பயம். சொன்னேன்.

முட்டையை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பென்சில் குறி மேலே இருக்கும்படியே. உள்ளே ரத்தக் கோடு சிவப்பாகத் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்குது அக்கா. ரெண்டு மூணு நாள் குளுந்தா ஒண்ணும் ஆகாது. வளர்றது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சூடு ஜாஸ்தியானாதான் செத்துப்போகும்."

"அப்போ ஏன்டா விடாம பாத்துக்கோன்னு சொன்ன?"

"பயத்துல சொன்னேன். எவ்வளவு நாள் கரண்ட் வராதோன்னு. ஏன் அக்கா, நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே?"

யாரிடம் கேட்டேன்? மூணு நாளும் துப்பட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

குழந்தையைப் பற்றி அவனிடம் சொல்லலை. சோறு போட்டேன். ரசம், அப்பளம். நன்றாகச் சாப்பிட்டான்.

நவம்பர் 22, செவ்வாய்

வெயில். சேலை எல்லாம் காய்ந்தது.

மத்தியானம் குழந்தை ரூம். கன்னியம்மாவின் புருஷன் கேழ்வரகுக் களி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் அதில் பாதியைப் பிய்த்து என் பக்கம் நீட்டினாள்.

"துன்னு சிஸ்டர். ராவும் பகலும் நிக்கிறியே."

வாங்க முடியலை. சொன்னேன். முன்னே பின்னே யோசிச்சு வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரலை.

"அந்தப் பொட்டி ரிப்பேர் இல்ல கன்னியம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். மொதல்லயே வெச்சிருந்தா பாட்டிலே வேணாம். கொழந்த கால் சுட்டது உன்னால இல்ல."

களி அவள் கையிலேயே இருந்தது.

"அதுல வேற கொழந்த இருந்துச்சா?"

"இல்ல. ஆமை முட்டை. என் தம்பியோடது."

"இன்னா முட்டை?"

ரெண்டாம் தடவை சொல்ல வைத்தாள். "ஆமை முட்டை."

வெளியே யாரோ டம்ளர் கழுவுகிற சத்தம்.

"வேற கொழந்த இருந்துதுன்னா சரின்னு உட்டுருப்பேன்" என்றாள். கத்தலை. களியைத் தட்டில் வைத்தாள். எழுந்து வந்து பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். நிற்க முடியாமல் கால் ஆடினது. உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வரலை.

சாயங்காலம் மருந்து போடப் போனேன். "ரத்னம்மா போடட்டும்" என்றாள். மருந்து போடுறது ரத்னம்மா வேலை இல்லை. போட்டாள். நான் வாசலில் நின்று எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன்.

நவம்பர் 23, புதன்

டா.அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரத்னம்மாவின் பெயர் எடுக்கலை. திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நேனு நின்னு மெச்சுக்குன்னானே ஆ ரோஜு." அன்னைக்கு உன்னைப் பாராட்டினேனே என்று. அதை மட்டும்தான் சொன்னார்.

நாளையிலிருந்து எனக்கு ஓ.பி. என்று டூட்டி நோட்டில் மாற்றி எழுதினார். குழந்தை ரூம் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, புதன்

ஓ.பி.யில் புண் கட்டுகிற மேஜை. காலையிலிருந்து ஒரே கூட்டம். இடுப்பு வலி. கன்னியம்மாவை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். குழந்தை எடை ஏறியிருக்குது. ரத்னம்மா சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

டிசம்பர் 8, வியாழன்

சாமு வந்தான். சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து மேஜையில் விட்டான். ஆமைக் குஞ்சு. எலுமிச்சம்பழம்கூட இருக்காது. ஓட்டில் மஞ்சள் கோடு. கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது.

"ஒண்ணு விடாம பொரிஞ்சுது அக்கா. எல்லாம் உன்னாலதான்."

எடுத்துக்கொண்டு போடா என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஒன்றும் புரியாமல் நின்றான். அப்புறம் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். குஞ்சை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டான். பஸ் ஏறி உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக, "அந்தக் கொழந்தைக்கு கால் சரியாயிடுமா அக்கா?" என்றான்.

தழும்பு இருக்கும் என்றேன்.

டிசம்பர் 10, சனி

பனி. ஓ.பி.யில் நீள வரிசை. "அடுத்தது" என்று நிமிர்ந்தால் கன்னியம்மா. மார்பில் சேலையோடு சுற்றி குழந்தை. முகம் உருண்டிருக்குது. காலில் கட்டு.

என்னைப் பார்த்தாள். அப்படியே நகர்ந்து, பின்னால் நின்ற அம்மாவிடம், "நீங்க போங்க" என்றாள். அதற்குப் பின்னால் வந்தவரையும் விட்டாள். வரிசை முழுக்க அவளைத் தாண்டி என் மேஜைக்கு வந்து போனது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினொன்று, பன்னிரண்டு. குழந்தைக்குப் பால் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு என்னை மாற்ற இன்னொரு நர்ஸ் சுசீலா வந்தாள். நான் எழுந்து ஸ்கிரீனுக்குப் பின்னால் போனேன். அப்புறம்தான் கன்னியம்மா எழுந்தாள், செருப்புச் சத்தம் கேட்டது.

பழைய கட்டைப் பிரிக்கும்போது குழந்தை வீறிட்டு அழுதது. நல்ல பலமான குரல். எட்டிப் பார்க்கலை. பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தேன்.