தடத்தில் கால் வைத்தவர்

ஹவுக்கிலம்பி,
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் யார்க்கோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பூனையும் சுகம், அங்கே நீயும் உன் ஆஸ்திரேலிய வெயிலும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏ.சி. அறைக்குள் இயந்திரத்தின் மேல் நீ ஓடுகிற படம் வந்தது. வாசலிலேயே காட்டுப்பாதை தொடங்குகிற வீட்டில் பிறந்தவன் காசு கொடுத்து ஒரே இடத்தில் ஓடுகிறானே என்று அப்பா அன்று முழுக்கப் புலம்பினார். அப்படிப் புலம்பியவர் இந்தக் குளிர்காலம் என்ன செய்தார் என்று கேள், நானே எவ்வளவோ மேல் என்று சொல்வாய்.

இடுப்பு அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும், தினமும் நடக்க வேண்டும், இந்த வருஷம் சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிப் பனியில் இறங்கக்கூடாது. பனி விழுந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. சாலை கண்ணாடியாக உறைந்துவிட்டது, புது இடுப்புக்காரரை அங்கே அனுப்ப முடியுமா. காட்டுக்குள் இறங்கினால் தொடை வரை புதையும். மிச்சம் இருப்பது குளத்தைச் சுற்றி வரும் நம் பாதைதான். கோடையில் அதில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் பனியை அழுத்திச் சறுக்குக் கட்டை ஓடுவதற்கான தடம் போட்டபின் அதில் கால் வைப்பவனை உன் அப்பா மனிதனாகவே மதிக்க மாட்டார். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பனி வண்டியில் போய்த் தடம் போட்டவர் அவர், பக்கத்து வீட்டு ரைலி வளர்த்த நாய் அதில் நாலு அடி வைத்ததற்காக அவளோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவர். கொஞ்ச தூரம் ஓரமாக நடந்துவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னால், தடத்துல கால் வைக்கிறதுக்கா எனக்கு இடுப்பு மாத்துனாங்க என்று என்னையே கேட்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து பைனாகுலரில் தடத்துக்குக் காவல் காத்தார், காவலுக்குத் துணையாக இலவங்கப்பட்டை பன்னும் காப்பியும்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா கோடையிலயும் கைத்தடிதான், சறுக்குறத மறந்துடுங்க என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வியாழக்கிழமை, வியாழன்தோறும் வைக்கிற பட்டாணி சூப் வைத்திருந்தேன், தொடவில்லை. கொட்டகையில் தன் சறுக்குக் கட்டைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது யார்க்கோ, இந்த மனிதர் இனி ஜன்னலோடு முடிந்துவிடுவாரோ என்று.

அடுத்த வாரம் ஒரு காலையில் பார்த்தால் அவருடைய பூட்ஸைக் காணோம். வெளியே ஓடினேன். தடத்தின் நட்டநடுவே பெரிய பெரிய குழிகள், பக்கத்திலேயே கைத்தடி குத்திய ஓட்டைகள். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் உன் அப்பா ஊரைக் கூட்டியிருப்பார். நான் கட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வளைவு தாண்டியதும் நிற்கிறார், முகமெல்லாம் சிவந்து, எதிரே சறுக்கிக்கொண்டு வந்த ரைலி. ஊரில் இத்தனை பேர் இருக்க அவளிடமா மாட்டிக்கொள்ள வேண்டும். என்ன கவுக்கோ, தடத்த நீயே மிதிச்சா நான் யார்கிட்டப்பா போய்ப் புகார் சொல்றது என்று அவள் கேட்க, தடம் நல்லா இறுகியிருக்கான்னு சோதிச்சேன் என்கிறார் உன் அப்பா. கால வச்சா என்று கேட்டுச் சிரிக்கப் போனவள், அவர் கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டாள். உடனே பிளாஸ்கைத் திறந்து சூடான புளூபெர்ரி சூப் ஊற்றிக் கொடுத்தாள், கட்டைகளைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்து வீடு வரை நடத்திக்கொண்டு வந்தாள். ஆமாம், அவளும் தடத்திலேயேதான் நடந்தாள்.

மறுநாளே பாதைச் சங்கத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பனியில் புதையாத அந்த அகலக் காலணிகளை மாட்டிக்கொண்டு, தடத்தை ஒட்டியே குளத்தைச் சுற்றி ஒரு நடைபாதை மிதித்துப் போட்டார்கள். அப்பா நன்றி சொன்னார் என்றா நினைக்கிறாய், கோணலா இருக்கு என்றார். ரைலி விடுவாளா, எங்க கோணல்னு வந்து காட்டு என்றாள். காட்டுவதற்கு நடந்துதானே ஆக வேண்டும். அன்றிலிருந்து தினமும் நடக்கிறார். இப்போது புதுச் சண்டை, சறுக்கிப் போகிறவர்கள் தன் நடைபாதையில் ஊன்றுகோலைக் குத்துகிறார்களாம்.

இன்றைக்கு முழுச் சுற்றும் வந்துவிட்டார். குளத்தின் அக்கரையில் நெருப்பு மூட்டி சாசேஜ் சுட்டுத் தின்றோம். நான் தடத்தில் மெதுவாகச் சறுக்க, அவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார், வழி முழுக்கப் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் சறுக்கிப் போக, இந்தப் பாதையில் நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகுதான் யார்க்கோ. மூச்சு வாங்கிக்கொண்டு பேசும்போது அந்த முகம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

தொப்பி இல்லாமல் வெயிலில் அலையாதே, காய்கறி சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய், என் மனசு உன் கூடவேதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே, ஈஸ்டருக்கு வரும்போது கட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் பறந்துவிடாதே. நீயும் அவர் முதுகைத் துரத்தியே வளர்ந்தவன்தான். இந்த முறை பக்கத்தில் நட.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஹில்க்கா