என் படத்தைத் தொடாத விரல்

நவம்பர் 4

நிலக்கரி வந்துவிட்டது. பாதிக்குமேல் தூள். இந்த வருடம் நரீன் நகரில் எல்லோருக்கும் தூள்தான் என்று லாரிக்காரன் ஆறுதல் சொன்னான்.

பிஷ்கெக்கிலிருந்து பெகிமாய் என்ற பெண் போனில் பேசினாள். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்காக ஒரு செயலி செய்கிறார்களாம். கட்டம் கட்டமாகப் படங்கள். ஒன்றைத் தொட்டால் கருவி அதைக் கிர்கிஸ் மொழியில் பேசும். கட்டற்ற மென்பொருள். விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். செய்கிறவர்களும் சம்பளம் வாங்காதவர்கள். சோதித்துப் பார்க்க ஆள் தேடுகிறார்கள். "கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம், அகாய். பொறுமை இருந்தா போதும்." பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கூப்பிடும் அந்த 'அகாய்' காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

சய்ரகானிடம் சொன்னேன். மே மாதம் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவளுக்கு வலக்கையும் இல்லை, பேச்சும் இல்லை. "இனிமே இதுதான் உன் வாய்" என்றேன். இடக்கையால் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டிக்குப் புது வாய் வாங்கித் தருகிற கிழவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 9

டேப்லெட்டில் போட்டாயிற்று. பெகிமாயின் விதி எனக்குப் பிடித்திருக்கிறது: என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. அவ்வளவுதான் எழுத வேண்டும். "ஏன் நடந்ததுன்னு ஊகிக்காதீங்க அகாய். அது எங்க வேலை." இயற்பியல் செய்முறை வகுப்பில் நான் பிள்ளைகளிடம் ஆயுள் முழுக்கக் கெஞ்சியது இதையேதான்.

முதல் பிழை கிடைத்தது. 'குளிருது' கட்டத்தைத் தொட்டால் 'தோங்' என்று வரவேண்டிய இடத்தில் 'தோன்' என்கிறது. ஒரு மூக்கொலி மாறியதில் குளிர் போய் ஆட்டுத்தோல் கோட்டு வந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்பதால் கோட்டைக் கொண்டுவந்து போர்த்தினேன். சய்ரகானின் வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 21

ஒலியைத் திருத்திவிட்டார்கள். இப்போது ஆட்களைக் கூப்பிடும் கட்டங்கள் வந்திருக்கின்றன. மற்றதெல்லாம் மெதுவாகப் பேசும். ஆள் படம் உள்ள கட்டம் மட்டும் மணியடித்து உரக்கக் கூப்பிடும். என் படத்தைப் போட்டு, கீழே 'சுயுன்பெக்' என்று என் பேரை எழுதினேன். தொட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடிப்போய் நின்று கேட்டேன். தெளிவாகக் கேட்கிறது. இனி பயமில்லாமல் மாட்டைப் பார்க்கலாம், கரி அள்ளலாம்.

சய்ரகான் தண்ணீரைத் தொட்டாள், தலையணையைத் தொட்டாள். என் படத்தைத் தொடவில்லை.

நவம்பர் 23

இன்றும் தொடவில்லை.

டிசம்பர் 3

பால் கறந்துவிட்டு வருகிறேன், கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறாள். எவ்வளவு நேரமாகவோ. பாவாடை நனைந்திருந்தது. டேப்லெட் அவள் மார்பின் மேலேயே இருக்கிறது. விரல் 'வலிக்குது' கட்டத்தில். அது மெதுவாக 'வலிக்குது, வலிக்குது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் கட்டம் நான்.

கத்திவிட்டேன். ஏன் கூப்பிடல? கைக்கு எட்டற தூரத்துலதானே இருக்கேன்? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு துடைத்துவிட்டு, உடை மாற்றி, டீயில் ரொட்டி ஊறவைத்துக் கொடுத்தேன்.

அந்தக் கட்டத்தில் ஏதோ கோளாறு. கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

டிசம்பர் 17

முறையாகச் சோதித்தேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. என் விரல்: வேலை செய்கிறது. ஈரமான விரல், உலர்ந்த விரல், கையுறை போட்ட விரல்: கையுறையைத் தவிர எல்லாம் சரி. பெகிமாயின் ஆட்கள் கட்டத்தைப் பெரிதாக்கிப் புதுப் பதிப்பு அனுப்பினார்கள். பிறகு மூலையிலிருந்து நடுவுக்கு மாற்றினார்கள். நான் இருந்த மூலையில் தேநீர் வந்தது, தேநீரைத் தொடுகிறாள். நடுவில் நான் வந்தேன், நடுவைத் தொடுவதில்லை.

"பிழை உங்க படத்தோடயே நகருது அகாய்" என்று பெகிமாய் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

ஜனவரி 6

அண்ணன் மனைவி ரகியா அண்ணி வந்திருந்தார். எனக்கு அறுபத்தொன்பது வயது. அவருக்கு நான் இன்னும் சின்னப்பையன்தான். அந்தப் பேரைத் தவிர வேறு பேரால் கூப்பிட்டதே இல்லை.

"என்ன சின்னப்பையா, ஆள் பாதியா போயிட்டே? உனக்குச் சமைக்கத் தெரியலையா, திங்கத் தெரியலையா?"

கோளாறைச் சொன்னேன். டேப்லெட்டைக் காட்டி, தொட்டு, என் பேர் வீடெல்லாம் ஒலிக்கக் கேட்கவைத்தேன். அண்ணி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்ப்பா, படிச்சவன்தானே நீ? அவ என்னிக்கு உன் பேரைச் சொல்லியிருக்கா? நான்தான் சொல்லியிருக்கேனா?"

"அவ எங்க அண்ணி சொல்றா? விரலால தொடறா. மெஷின்தான் சொல்லுது."

"இதுதான் அவ வாய்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறது யாரு? வாய்னா வாய்தான். புருஷன் பேரை அதுல எப்படிச் சொல்லுவா?"

சய்ரகான் முகம் சிவந்து, முக்காட்டின் ஓரத்தை இடக்கையால் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். மருமகளாக வந்த புதிதில் அப்படி இழுத்துக்கொள்வாள்.

"அப்ப என்னை எப்படித்தான் கூப்பிடுவா?"

"எப்பவும் கூப்பிட்ட மாதிரிதான்—" என்று தொடங்கிய அண்ணி சட்டென்று நிறுத்திக்கொண்டார். கிண்ணத்தை எடுத்தார். குடிக்கவில்லை.

ஜனவரி 7

வகுப்பில் ஒரு பையன் பதில் சொல்லாமல் நின்றால் காரணம் மூன்றில் ஒன்று: கேள்வி காதில் விழவில்லை, பதில் தெரியவில்லை, அல்லது பதிலை வாய்விட்டுச் சொல்ல முடியாது. எத்தனை இளம் ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். வீட்டில் முதல் இரண்டைத்தான் சோதித்திருக்கிறேன்.

பெகிமாயிடம் சொன்னேன். "எங்கம்மாவும் அப்பா பேரைச் சொல்ல மாட்டாங்க அகாய். இத்தனை பேர் உட்கார்ந்து செஞ்சோம், ஒருத்தருக்கும் தோணலை பாருங்க."

ஜனவரி 14

புதுப் பதிப்பு. படத்துக்குக் கீழே தெரியும் பேர் வேறு, குரல் சொல்லும் சொல் வேறு என்று வைத்துக்கொள்ளலாம். 'என்ன பேச வேண்டும்?' என்று ஒரு வெற்றுக் கோடு. நிரப்ப உட்கார்ந்தேன்.

மிர்லானோட அப்பா. அதுதான். எங்கள் மகன் மிர்லான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள், கணவாயில் பனிச்சரிவு அவன் வண்டியை மூடிய அந்த வசந்தம் வரை. அதற்குப் பிறகு?

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். 'டீ ஆறுது.' 'மாடு கத்துது.' 'கதவுகிட்ட யாரோ.' வீட்டில் இருந்தது நான் ஒருவன்தானே, யாரிடம் சொல்கிறாள் என்ற சந்தேகமே வரவில்லை. என்னைக் கூப்பிட்டால் அவன் பேரைச் சொல்ல வேண்டும். அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஒன்பது வருஷம். என்னைக் கூப்பிட அவகிட்ட ஒரு சொல்லு இல்ல. எப்படிய்யா கவனிக்காம இருந்தே? கூடவே உட்கார்ந்து டீ குடிச்சியே?

கோடு வெறுமையாகவே இருக்கிறது.

ஜனவரி 20

அவளிடமே கேட்டேன். "'கிழவா'ன்னு வைக்கட்டுமா?" கண்ணை மூடினாள், வேண்டாம் என்று அர்த்தம். "'இங்க வாங்க'?" மூடினாள். நெடுநேரம் கழித்து, "'மிர்லானோட அப்பா'?"

மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதினேன். சரியாக வருகிறதா என்று என் விரலால் தொட்டேன். அந்தக் குரலுக்குப் பேசிக் கொடுத்தவன் பிஷ்கெக்கில் படிக்கும் ஒரு மாணவன். இளம் குரல். இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சய்ரகான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 2

டேப்லெட்டைக் கவிழ்த்தே வைத்திருக்கிறாள். தண்ணீருக்குக்கூட எடுப்பதில்லை. பெகிமாய் கேட்கிறாள். என்னவென்று எழுதுவது?

மார்ச் 11

கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. "நாளைக்கு எல்லாருக்கும் வெளியிடறோம் அகாய். ஏதாவது மிச்சம் இருந்தா இன்னிக்கே சொல்லிடுங்க" என்று காலையில் பெகிமாய் எழுதியிருந்தாள்.

கொட்டகையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. "மிர்லானோட அப்பா!"

எப்படி முற்றத்தைக் கடந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே அவள் கட்டிலில் சாய்ந்தபடியே நன்றாகத்தான் இருந்தாள். அடுப்பு எரிந்தது, தண்ணீர் பக்கத்தில் இருந்தது. "வலிக்குதா? குளிருதா?" ஒன்றுமில்லை. என் படத்தை மறுபடி தொட்டாள்.

"எதிர்லதானே நிக்கிறேன்" என்றேன்.

என்னைப் பார்க்கவில்லை. குரல் "மிர்லான்" என்று சொல்லி முடித்ததுமே விரல் இன்னொரு முறை தொட்டது. பேச்சு அங்கேயே அறுந்தது. கொஞ்சம் பொறுத்தாள். தொட்டாள். "மிர்லான்." தொட்டு நிறுத்தினாள். "மிர்லான்."

சேற்று பூட்ஸோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் முறை தொட்டால் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. சந்தேகமே இல்லாத பிழை.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று பெகிமாய்க்குப் பதில் அனுப்பினேன்.