உள்ளே இருக்கிற மெசினுக்கு ஒன்றுமில்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. சிறுமலைப் பக்கம் மேகம் கூடிக் கூடிக் கலைகிறது, ஒரு சொட்டு இல்லை. மைதாவும் முட்டையும் சொல்லியாச்சு. சின்ன வெங்காயம் மறந்துவிட்டது. மதியம் அந்தோனியார் கோவிலுக்குப் போகணும்.

நேற்று சாயங்காலம் கடையில் மறுபடி அதே கூத்து. பழனி பஸ் கண்டக்டர் இரண்டு பரோட்டாவும் ஒரு முட்டைக் கலக்கியும் கேட்டார். கல்லாவிலிருந்து திரும்பிக் கூவினேன். எங்கள் கடையில் சீட்டு எழுதுகிற வழக்கமே கிடையாது. நான் கூவணும், பரோட்டாக் கல்லில் நிற்கிற என் வீட்டுக்காரர் "ஆச்சு" என்று குரல் கொடுக்கணும். கொடுத்தார். பரோட்டா வந்தது, கலக்கி வரவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த மனுசர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

"அவரு கலக்கி கேட்டது ஒனக்குக் காதுல விழுந்திருக்காது" என்கிறார் இவர்.

"விழுந்துச்சு. சொன்னேன். நீங்க ஆச்சுன்னீங்க."

"பரோட்டாவுக்கு ஆச்சுன்னேன். காது மெசினு பழசாயிருச்சு ஸ்டெல்லா. ஒத்துக்க."

எதை ஒத்துக்கிறது? கேட்டது எனக்கல்லவா தெரியும். இந்த மாதிரி இப்போது வாரத்துக்கு நாலு தடவையாவது நடக்கிறது. பழி என் காதுக்கு.

ஜூன் 4, புதன்

டேனியல் கோயம்புத்தூரிலிருந்து போன். அப்பா சொல்லிவிட்டார் போல.

"யம்மா, பன்னெண்டு வருசம் ஆச்சு. எந்த மெசினுதான் இம்புட்டு நாள் ஓடும்? உள்ள இருக்கிறத எடுத்துட்டுப் புதுசு வைக்க முடியுமான்னு கேளு. அதுவரைக்கும் கல்லாவுல ஒக்காராத. கஸ்டமர் கோவிச்சுக்கிறாங்களாம்ல."

பையனுக்கு என்மேல் பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோபம் வந்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் காதில் சீழ். காதை அடைக்கிற மெசின் போட்டால் இரண்டே நாளில் ஒழுக ஆரம்பித்துவிடும். அதனால்தான் மதுரை டாக்டர் அந்த ஆபரேசனே செய்தார். காதுக்குள் இருக்கிற குட்டி எலும்பில், அரிசியைவிடச் சின்னதாக ஒன்று. அது அதிர்ந்தால் எலும்பும் அதிரும். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு காந்தம். வெளியில் ஒட்டிக்கொள்கிற பொட்டு மெசின் முடிக்குள் மறைந்துவிடும். வெளி மெசின் ஒரு தடவை மாற்றியிருக்கிறது. உள்ளே இருப்பதை ஒருத்தரும் தொட்டதில்லை.

அதற்கு முன்னால் நான் கடையில் எங்கே இருந்தேன்? பின்கட்டில். வெங்காயம் உரித்துக்கொண்டு. கூப்பிட்டால் கேட்காது என்று மேலே கல் விட்டெறிந்து கூப்பிடுவார்கள், சின்னக் கல்தான், விளையாட்டுக்குத்தான். சிரித்துக்கொண்டே அழுதிருக்கிறேன். மறுபடி அங்கே போகமாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

இன்று காலையில் கேட்டவை: பக்கத்து வீட்டுக் குக்கர், மூன்று விசில். பல்லி. பள்ளிக்கூடப் பிள்ளையின் கொலுசு. பால்காரர் முணுமுணுத்தது ("இந்தம்மா சில்லறையே வச்சிருக்காது"). போனில் டேனியல் விட்ட பெருமூச்சு.

இதற்கு மேல் ஒரு காது என்ன செய்யணுமாம்?

ஜூன் 7, சனி

புழுக்கம். கிரைண்டர் ரிப்பேர். நாலு மணிக்குச் சரியானது.

நேற்று இரண்டு ஆம்லெட் வராமல் போச்சு. இவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "என் தங்கச்சி மருமகள வரச் சொல்லிட்டேன். அடுத்த வாரத்துல இருந்து கல்லாவ அது பாக்கட்டும். நீ உள்ள செத்த ஓய்வா இரு."

உள்ளே என்றால் எங்கே என்று எனக்குத் தெரியாதா? ஓய்வாம்.

"மொதல்ல மதுரைக்குப் போவோம். டாக்டரு சொல்லட்டும், மெசினு போச்சுன்னு. அப்புறம் யாரு வேணா ஒக்காரட்டும்" என்றேன்.

"நானும் வாரேன். அவுக சொல்றது ஒனக்குக் கேக்கணும்ல."

வரட்டும். நன்றாக வரட்டும். என் காதுமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

மதுரை போய்வந்தாச்சு.

காது சோதிக்கிற பெண் ஒட்டன்சத்திரத்துக்காரி, பேச்சிலேயே தெரிந்தது. தடித்த சுவர் வைத்த அறை. எதிரே ஸ்பீக்கர். சத்தம் வந்தால் கையைத் தூக்கணும். இவர் பிடிவாதமாக உள்ளே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

குருவி கத்துகிற மாதிரி ஒன்று. தூக்கினேன். இன்னும் மெல்லிசாக. தூக்கினேன். அதைவிட மெல்லிசாக. அதற்கும் தூக்கினேன்.

இவர் என் பக்கம் சாய்ந்து, "எதுக்குச் சும்மா சும்மா கையத் தூக்குற? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார்.

கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் நிமிர்ந்தாள். மறுபடி சத்தம் விட்டாள், இந்தத் தடவை கொஞ்சம் கூட்டியே. என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். இவர் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியே வந்து அந்தப் பெண் பழைய காதுச் சோதனைப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "உள்ள இருக்கறது மொத வருசம் எப்படி வேலை செஞ்சுதோ அப்படியேதானுங்கம்மா செய்யுது. உங்க சொந்தக் காது வயசுக்கு ஏத்தாப்புல துளி எறங்கியிருக்குது. வெளி மெசின்ல கூட்டி வச்சுட்டனுங்க. எல்லாருக்கும் இப்படி அமையறதில்லீங்க. செலருக்கு மறுபடி தொறக்க வேண்டி வருமுங்க. உங்களுக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க."

பிறகு இவரிடம், மெதுவாகத்தான் கேட்டாள்: "ஐயா என்னங்க வேலை பாக்கறீங்க?"

"ஆச்சும்மா, ஆச்சு" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு மொத்தமும் விளங்கியது. கடையிலும் இதே "ஆச்சு"தான். கேட்டாலும் ஆச்சு, கேட்காவிட்டாலும் ஆச்சு.

நான் சொன்னேன், பரோட்டாக் கடை, கொத்து பரோட்டா, முப்பது வருடமாகக் கல்லில் டங்கு டங்கென்று அந்தச் சத்தத்துக்கு நடுவிலேதான் என்று. அவள் தலையாட்டினாள். ஐயாவுக்கும் பார்த்துவிடுங்கள், ஊரிலேயே பார்க்கலாம் என்றாள்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம். வாயை மூடிக்கொண்டு வரணும் என்றுதான் நினைத்தேன். வாடிப்பட்டி தாண்டியதும் முடியவில்லை. "இப்பச் சொல்லுங்க, யாரு வெங்காயம் உரிக்கப் போறது?" என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டுத்தான் பேசாமலிருந்தாரா, கேட்கவே இல்லையா, தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வேப்பமரத்தில் காற்று. மழை இல்லை. தங்கை மருமகள் வரவேண்டாம் என்று சொல்லியாச்சு, நானே சொன்னேன்.

டேனியலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். ஜெயித்த சந்தோசம் எனக்கு, பொய் சொல்லவில்லை. அவன் யோசித்துவிட்டுச் சொல்கிறான்: "அப்ப அப்பாவ வீட்ல ஒக்காரச் சொல்லிருவோம்மா. கல்லுக்கு ஒரு மாஸ்டரப் போட்டுக்கலாம்."

சந்தோசம் அத்தோடு போனது.

"ஏலே, ஒங்க ரெண்டு பேருக்கும் இத விட்டா வேற வைத்தியம் தெரியாதா? காது கேக்கலன்னா மூலையில ஒக்கார வைக்கணுமா? நான் ஒக்காந்து பாத்தவடா. அவரு கல்லுலதான் நிப்பாரு. நீ போன வையி."

வைத்துவிட்டான். போனை வைத்த பிறகு நான்தான் அழுதேன். இவருக்காகவா எனக்காகவா என்று தெரியாது.

சாயங்காலம் கல்லாவிலிருந்து கூவவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் எழுந்து போய் இவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். முறைத்தார். ஒரு தடவைகூட வாய் திறந்து ஆச்சு சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். எல்லா ஆர்டரும் வந்தது. கால்தான் வலி.

ஜூன் 12, வியாழன்

வெங்காயம் வந்தாச்சு, பாதி ஈரம். பேட்டரி வாங்கணும்.

இவர் மூன்று நாளாக அளந்துதான் பேசுகிறார். காது சோதனைக்குப் பேர் கொடுக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன், கேட்காத மாதிரி போய்விட்டார். காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டார்:

"அந்த மெசின மொதல்ல ஒட்டினப்ப எப்படி இருந்துச்சு?"

பன்னிரண்டு வருடத்தில் இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. என் குரலே எனக்குத் தகரம் மாதிரி கேட்டதை, ஒரு மாதம் பயந்ததை, ஆஸ்பத்திரி வாசலில் இவர் செருப்புச் சத்தத்தை முதல்முதலாகக் கேட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். குரல் மெல்லத்தான் வந்தது.

இவர் மாவுக் கையோடு எழுந்து வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சத்தமாச் சொல்லு ஸ்டெல்லா. எனக்குக் கேக்கல" என்றார்.